திட்டிவாசல்

அம்பத்தூரிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு இரண்டு ரயில். 1980இலும் இரண்டு, இன்றும் இரண்டு. முதல் வண்டி பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று நின்று நின்று சென்ட்ரலுக்கு வந்து சேரும். அங்கே இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டியைப் பிடித்தால் எழும்பூர், சேத்துப்பட்டு, அடுத்தது நுங்கம்பாக்கம். அன்று முதல் வண்டி அகலப்பாதையில் ஓடியது, இரண்டாவது மீட்டர்கேஜில். 2004 வாக்கில் அதுவும் அகலமாகிவிட்டது. அன்று சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே மாதத் தீ அதைத் தின்றபின் அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. நான் பழைய புத்தகத்துக்குப் பேரம் பேசிய இடத்தில் இன்று ஆவடி வண்டிக்கு நிற்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நுங்கம்பாக்கத்தில் இறங்கி லயோலா கல்லூரிப் பக்கம் இளங்கலை வகுப்புக்கு நடந்த கூட்டத்தில் அன்று நாங்கள் பையன்கள் மட்டும்தான். அது ஒரு விதியாகக்கூட எங்களுக்குத் தோன்றியதில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப்போல, பாய்ஸ் காலேஜில் பாய்ஸ் படித்தார்கள்.

2025 ஜூன் மாதம் அதே ஸ்டேஷனில், அதே பக்கம், என் அக்காவின் பேத்தியோடு நடந்தேன். எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பெண்கள் கழுத்தில் அடையாள அட்டை ஆட, போனைப் பார்த்தபடி போனார்கள். என் பக்கத்தில் அக்காவும் வந்துகொண்டிருந்தாள். தம்பி மூன்று வருடம் படித்த கல்லூரியை அவள் பார்ப்பது அதுவே முதல் முறை. அவளுக்கு வயது 64.

*

கல்லூரிக்கு அது நூறாவது வயது. 1925 ஜூலையில், பிரெஞ்சுக்காரரான இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் பெர்ட்ராம் அடிகளார் அதைத் தொடங்கியபோது மாணவர்கள் 75 பேர்; பாடங்கள் கணிதம், வரலாறு, பொருளாதாரம் என்று மூன்று. எண்பதுகளில் நாங்கள் படித்தபோதே அது பெரிய கல்லூரி. 1978இல் தன்னாட்சி பெற்றிருந்ததால் தேர்வுத்தாளைத் தானே தயாரித்துக்கொண்டது. இன்று ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். வளாகத்துக்குள்ளேயே மேலாண்மைப் பள்ளி இருக்கிறது. 2010இல் வந்த பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. அந்தப் பொறியியல் கல்லூரிக்கு ஆண்கள் கல்லூரி என்ற காலமே கிடையாது. பிறந்ததே கோ-எட்.

தாய்க் கல்லூரிக்கு அப்படி ஒரு பிறப்பு வாய்க்கவில்லை. அது தொடங்கி நான்கே ஆண்டுகளில், 1929ஆம் ஆண்டின் கடைசி நாளில், திருத்தந்தை பதினோராம் பயஸ் கிறிஸ்தவக் கல்வி பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். இருபாலரையும் ஒன்றாக வைத்துப் பயிற்றும் முறை பிழையானது, கிறிஸ்தவக் கல்விக்குக் கேடானது என்று அதில் பளிச்சென்று சொல்லியிருந்தார். ஆணும் பெண்ணும் இயல்பிலும் திறத்திலும் வேறுபட்டவர்கள், ஆகவே அவர்களைக் கலந்து சமப்படுத்தக் கூடாது என்பது வாதம். ஆக, கத்தோலிக்கக் கல்லூரி ஆண்களுக்கென்று இருந்தது சென்னைப் பழக்கம் மட்டும் இல்லை, ரோமாபுரியின் கொள்கையும்கூட.

அதற்காகப் பெண்களுக்குப் படிப்பு வேண்டாம் என்று திருச்சபை சொல்லிவிடவில்லை. தனியாகப் படிக்கட்டும் என்றது. சென்னையில் அரசின் ராணி மேரி கல்லூரி 1914இல் வந்தது. 1915இல் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 41 மாணவிகளோடு தொடங்கியது. அது சீர்திருத்தச் சபையார் முயற்சி. கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஸ்டெல்லா மாரிஸ், நாடு விடுதலை பெற்ற அதே நாளில், 1947 ஆகஸ்ட் 15 அன்று, சாந்தோமில் 32 பேரோடு திறந்தது. லயோலாவின் 75க்கும் ஸ்டெல்லாவின் 32க்கும் நடுவே 22 வருட இடைவெளி. அண்ணன் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்ட பிறகு தங்கைக்குக் கல்லூரி திறந்ததுபோல.

*

பெண்கள் ஆண்களின் கல்லூரிக்குள் நுழைந்த கதை தமிழ்நாட்டில் இதைவிடப் பழையது. அந்தக் கல்லூரிகளில் எதிலும் பெரிய கதவைத் திறந்து வைத்து யாரும் வரவேற்கவில்லை. கோட்டைக் கதவிலும் கோயில் கதவிலும் ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்கள். திட்டிவாசல் என்று பெயர். அதன் வழியாகத்தான் ஒவ்வொருவராக வந்தார்கள்.

முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியால். ஊரே எதிர்த்த சேர்க்கை அது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்தபோது அவருக்கு வயது 26. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1940இல் லலிதா வந்தார். பதினைந்தில் கல்யாணம், பதினெட்டில் கைம்மை, கையில் ஒரு பெண் குழந்தை. தந்தை அந்தக் கல்லூரியிலேயே பேராசிரியர். பிறகு லீலம்மா ஜார்ஜ், தெரேசியா என்று இருவர் துணைக்கு வந்தார்கள். படித்து முடித்ததும் கொடுக்க வேண்டிய சான்றிதழில் மாணவர் ஆண் என்றே அச்சாகி இருந்தது. ஆண்பால் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தப் பேனாக்கோடுதான். புது அச்சுக்குக் காத்திருக்காமல், இருக்கிற தாளிலேயே திருத்திக்கொண்டார்களே.

அரசுக் கல்லூரிகளில் இது தனி மனிதர்களின் துணிச்சலால் நடந்தது. கத்தோலிக்க ஆண்கள் கல்லூரிகளில் இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமில்லாமல் நடந்தது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம் மாறிய தூய வளனார் கல்லூரி, 1923இல் பாளையங்கோட்டையில் வந்த தூய சவேரியார் கல்லூரி, 1951இல் திருப்பத்தூரில் சலேசியத் துறவிகள் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி எல்லாமே ஆண்களுக்கென்று எழுந்தவை. இன்று எல்லாவற்றிலும் பெண்கள் படிக்கிறார்கள். ஆனால் இந்தத் தேதியில் கதவு திறந்தது என்று கல்வெட்டு வைக்கும்படியாக ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை அது. முதலில் முதுகலை, பிறகு ஆய்வு, பிறகு புதிதாக வந்த பாடங்கள், பிறகு மாலையில் நடக்கும் இரண்டாம் ஷிப்டு என்று விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மாறியது.

அமெரிக்காவில் இதே மாற்றம் கொட்டு முழக்கோடு நடந்தது. நோட்ர் டேம் பல்கலைக்கழகம் பக்கத்திலிருந்த செயின்ட் மேரிஸ் என்ற கன்னியர் நடத்தும் பெண்கள் கல்லூரியோடு இணையத் திட்டம் போட்டது. பேச்சு முறிந்தது. உடனே 1972இல் தானே இளங்கலைக்குப் பெண்களைச் சேர்த்தது. ஆண்கள் இருந்த இரண்டு விடுதிகளைக் காலி செய்து பெண்களுக்குக் கொடுத்தார்கள். காலி செய்யப்பட்டவர்கள் முணுமுணுத்தார்கள். இன்று அங்கே ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். இணையாமல் போன செயின்ட் மேரிஸ் இன்னும் பெண்கள் கல்லூரியாகவே தனியே நிற்கிறது.

கொள்கை அளவிலும் ரோமாபுரி நகர்ந்தது. 1929இன் சுற்றுமடலுக்கும் 1995க்கும் நடுவே இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்து போயிற்று. 1995இல் இயேசு சபையின் 34ஆவது பொதுப் பேரவை, பெண்களின் நிலை பற்றித் தனியாக ஓர் ஆணையே எழுதியது. பெண்களுக்குத் தீங்கிழைத்த ஒரு மரபில் நாங்களும் பங்காளிகள் என்று ஒப்புக்கொண்டு, அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள் என்று சபையினருக்குச் சொன்னது. 450 ஆண்டுகள் கடந்த ஓர் ஆண்கள் சபைக்கு இது எளிய வாக்கியமாக இருந்திருக்காது. அறுபத்தாறு ஆண்டுகளில், கலப்பதே கேடு என்ற இடத்திலிருந்து கேட்காததே கேடு என்ற இடத்துக்கு வந்திருந்தார்கள்.

*

என் அக்கா 1977இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். அப்போது பதினோராம் வகுப்போடு பள்ளி முடியும். பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. கணக்கில் அவள் கெட்டி. எனக்கு வீட்டுக்கணக்கு அவள்தான் சொல்லித்தருவாள். கையில் பென்சிலை வைத்துக்கொண்டு, நான் தப்பான வரிக்கு வரும்வரை பேசாமல் இருந்து, அங்கே ஒரு புள்ளி மட்டும் வைப்பாள். மீதியை நானே கண்டுபிடிக்க வேண்டும்.

அப்பா சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்தார். அம்பத்தூரில் பாதி வீடுகளில் அப்பாக்கள் அப்படித்தான். சைக்கிள் கம்பெனி, டன்லப், பாடியில் இருந்த கம்பெனிகள், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. சங்கு ஊதினால் தெருவில் கஞ்சிப் பாத்திரத்தோடு ஆண்கள் போவார்கள். 1960களில் எழுந்த தொழிற்பேட்டையில் சின்னச் சின்னப் பட்டறைகள் ஆயிரத்தை எட்டிக்கொண்டிருந்தன. வேலைக்குப் பஞ்சமில்லாத ஊர். கல்லூரிக்கு மட்டும் ரயிலேற வேண்டும். பட்டாபிராமில் இந்து கல்லூரி இருந்தது. அதன் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம்கூட உண்டு. பெண்களுக்கென்று அரசுக் கல்லூரி வேண்டுமானால் பிராட்வேயில் பாரதி, இல்லையென்றால் கடற்கரையில் ராணி மேரி.

“ரெண்டு வண்டி மாறணும். சாயங்காலம் இருட்டிடும்” என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. கோபமோ அழுகையோ இல்லை. அக்கா டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தாள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் நாலு வருடம் டைப் அடித்தாள். 1982இல் கல்யாணம்.

நான் 1980இல் பிளஸ் டூ முடித்த முதல் செட். அதே இரண்டு வண்டி, அதே இருட்டு. அப்பா எனக்கு மூன்று மாத சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். லயோலாவில் கணிதம் என்றால் ராசின் அடிகளார் பெயர் வராமல் இருக்காது. சார்ல்ஸ் ராசின், பாரிஸில் படித்த கணிதத் துறவி. 1939இல் லயோலாவுக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கற்பித்தவர். நான் சேர்ந்தபோது அவர் காலமாகி நாலு வருடம் ஆகியிருந்தது. இந்தியக் கல்லூரிகள் கேம்பிரிட்ஜின் பழைய பாடத்திட்டத்தை உருப்போட்டுக்கொண்டிருந்த நாளில், பிரான்சில் பிறந்துகொண்டிருந்த புதிய கணிதத்தை அவர் இங்கே கரும்பலகையில் எழுதினார் என்பார்கள். சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் அவரிடம் பயின்றவர்கள். இருவரும் சேர்ந்து 1965இல் நிறுவிய தேற்றத்தை உலகக் கணிதர்கள் இருவர் பெயராலும் அழைக்கிறார்கள். கணிதத்துக்கு வெளியே பார்த்தால் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், வெண்மைப் புரட்சியின் குரியன், சதுரங்கத்தில் விஸ்வநாதன் ஆனந்த் என்று வரிசை போகும். பெருமைப்படத்தக்க வரிசைதான். அதில் பெண் பெயர் ஒன்றுகூட வராதது வெகுகாலம் எனக்கு உறைக்கவில்லை. மூர் மார்க்கெட்டில் ஏழு ரூபாய்க்கு வாங்கிய ஹால் அண்ட் நைட் அல்ஜீப்ராவை அக்காவிடம் கொடுத்தபோதுகூட உறைக்கவில்லை. பின்பக்கப் பயிற்சிகளை அவள் கல்யாணத்துக்கு முந்தின மாதம்வரை பென்சிலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

*

ஆண்கள் மட்டும் இருந்த கல்லூரியைப் பற்றி இப்போது யாராவது கேட்டால் இரண்டு விதமாகச் சொல்லத் தோன்றும். இரண்டும் உண்மை.

நாங்கள் விட்டேற்றியாக இருந்தோம். சட்டை இஸ்திரி இல்லாமல் வருவோம். மேடையில் உளறினால் சிரிப்பவர்கள் நம்மைப்போன்ற பையன்கள்தான் என்ற தைரியம் இருந்தது. எத்தனையோ திக்குவாய்கள் அந்தத் தைரியத்தில் பேச்சாளர்களானார்கள். ஆண்கள் கல்லூரி நாடகங்களில் மீசை அரும்பாத ஒல்லிப் பையன் ஒருவனுக்குச் சேலை கட்டிவிடுவார்கள். வருடம் முழுக்க அந்தக் கதாபாத்திரத்தின் பெயரே அவன் பெயராகிவிடும். பேராசிரியர்களும் ஒளிவுமறைவில்லாமல் திட்டுவார்கள். ஒரே பாலர் கூட்டத்துக்கு என்று ஒரு நெருக்கம் உண்டு. நாற்பது வருடம் கழித்தும் எங்கள் வகுப்பில் இருபது பேர் மாதம் ஒருமுறை சந்திக்கிறோம். இப்படி ஒட்டிக்கொண்ட கோ-எட் வகுப்புகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கம், நாங்கள் பெண்களோடு பேசத் தெரியாதவர்களாக இருபது வயதைக் கடந்தோம். எத்திராஜும் ஸ்டெல்லா மாரிஸும் எங்களுக்குக் கல்லூரிகளின் பெயர்கள் இல்லை. கல்ச்சுரல்ஸ் நாளில் மட்டும் தரையிறங்கும் வேற்றுக் கிரகங்கள். அந்த மூன்று நாளில் எங்களில் சிலர் கவிஞர்களானார்கள், சிலர் காலிகளானார்கள். என் முதல் வேலையில் பக்கத்து மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஃபைலைக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கூடப்பிறந்த அக்கா இருந்தும் இந்த நிலை. அக்கா இல்லாதவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டாம்.

அந்த நெருக்கமும் இந்தத் தடுமாற்றமும் ஒரே மண்ணில் விளைந்தவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் களைந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

*

இன்றைய கணக்கு வேறு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பெண்களில் நூற்றுக்கு 47.3 பேர் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள், ஆண்களில் 46.8. நாடு முழுவதும் சேர்த்தால் இரண்டுமே 28ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. அக்காவைத் தடுத்த பாதையில் இப்போது பெண்கள்தான் அரை அடி முன்னால் நடக்கிறார்கள்.

அரசாங்கத்தின் பணம் போன திசையைப் பார்த்தாலும் இது தெரியும். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திட்டம், எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணச் செலவுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. 2011இல் தாலிக்கு நாலு கிராம் தங்கமும், பட்டதாரி என்றால் 50,000 ரூபாயும் ஆயிற்று. 2022 செப்டம்பரில் அதே அம்மையார் பெயரிலேயே அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தருகிறது. முப்பத்து மூன்று வருடத்தில் பணம் கல்யாண மண்டபத்திலிருந்து வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அப்பாவுக்கு இது தெரிந்திருந்தாலும் இருட்டைப் பற்றித்தான் பேசியிருப்பார் என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்து ஊர்களும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. ஆவடி என்றால் 1955 காங்கிரஸ் மாநாடும் டாங்கியும்தான் என்றிருந்தது. 1990களின் பின்பாதியிலிருந்து ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி, தண்டலம் என்று வரிசையாகப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. காலை ஏழு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் சிக்னல் விழுந்தால் முன்னும் பின்னும் கல்லூரிப் பேருந்துகள்தான். எல்லாம் கோ-எட். சில பேருந்துகளில் பையன்கள் பின்னால், பெண்கள் முன்னால் என்று உட்கார வைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரியை இருபாலருக்கும் திறந்துவிட்டுப் பேருந்துக்குள் பழைய சுவரை எழுப்பிக்கொள்ளும் வித்தை நமக்குக் கைவந்தது. எங்கள் வட்டாரத்தில் இன்றும் ஆண்கள் மட்டுமே படிக்கும் கத்தோலிக்க நிறுவனம் பூந்தமல்லியில் இருக்கும் குருமடம். குருக்களாகப் போகிறவர்களின் இடம். அங்கே காரணம் வேறு.

பெண்களுக்கு மட்டும் என்ற வகை இதனால் மறைந்துவிடவில்லை. ஆண்கள் கல்லூரிகள் திறந்துகொண்டே வந்த அதே காலத்தில், 2000இல், அம்பத்தூருக்குப் பக்கத்தில் மாதனாங்குப்பத்தில் சோகா இகெடா என்ற பெண்கள் கல்லூரி புதிதாக வந்து, நன்றாகவே வளர்ந்தது. ஸ்டெல்லா மாரிஸும் எத்திராஜும் பெண்கள் கல்லூரிகளாகவே நீடிக்கின்றன. கதவு ஒரு பக்கம்தான் திறந்திருக்கிறது. அதில் அநியாயம் இருப்பதாக எனக்குப் படவில்லை. பையனை எங்கே வேண்டுமானாலும் அனுப்புகிற வீடு, பெண் என்றதும் “லேடீஸ் காலேஜா?” என்று கேட்கிற வழக்கம் இந்தத் தெருவில் இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்ல ஓர் இடம் இருப்பதால்தான் சில பெண்கள் வெளியே வருகிறார்கள்.

தமிழ்நாட்டின் பல பழைய ஆண்கள் கல்லூரிகளில் பெண்கள் நுழைந்த விதத்தில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். அரசு உதவி பெறும் பகல் வகுப்புகள், ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் குறைந்த வகுப்புகள், வெகுகாலம் பையன்களிடமே இருந்தன. பெண்கள் வந்தது பெரும்பாலும் சுயநிதிப் பாடங்களில், இரண்டாம் ஷிப்டில். அங்கே முழுச் செலவும் வீட்டின் தலையில். மகனின் படிப்புக்கு அரசு கொடுத்தது. மகளின் படிப்புக்கு அப்பா கொடுத்தார், அல்லது வங்கி கொடுத்தது. திட்டிவாசலுக்கு நுழைவுக் கட்டணமும் இருந்தது.

*

அக்காவின் பேத்தி பி.காம். சேர்ந்ததும் இரண்டாம் ஷிப்டில்தான். கணக்கு எடுப்பாள் என்று அக்காவுக்கு ஒரு நப்பாசை இருந்தது.

“கணக்கு இல்லையாடி?”

“அக்கவுண்ட்ஸ் இருக்கே பாட்டி.”

“அது கணக்கா?” என்று அக்கா என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்லவில்லை. பேத்தியின் போனில் அதற்குள் வகுப்பு வாட்சப் குழு வந்துவிட்டது. அறுபது பேர், பையன்களும் பெண்களும். இன்னும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை; அதற்குள் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது.

மாலை ஷிப்டு என்பதால், என் கல்லூரி நாட்களில் நான் வீடு திரும்பி அம்மா கையால் காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவள் இன்னும் வகுப்பில் இருப்பாள். அம்பத்தூர் வந்து சேர எட்டு மணி ஆகும். அவள் அம்மாவின் போனில் ஒரு நீலப் புள்ளி ரயில் பாதையில் நகர்ந்து வரும். பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர். அக்கா ஒரு புள்ளி வைத்துவிட்டு மீதியை நானே கண்டுபிடிக்கக் காத்திருந்ததுபோல, இப்போது அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு ஒரு வீடு காத்திருக்கும். இருட்டைப் பற்றிய பயம் போகவில்லை. அதைச் சுமந்துகொண்டே அனுப்பக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சேர்க்கை வேலை முடிய மதியம் ஆயிற்று. பணம் கட்டும் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அம்மா, மகளின் சான்றிதழ்களை ஒரு பழைய துணிக்கடைப் பைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தார். திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். “பாய்ஸ் காலேஜ்னு சொன்னாங்க, பயமா இருந்துச்சு. வந்து பாத்தா பொண்ணுங்கதான் நெறைய” என்றார். அந்த வரிசையைப் பார்த்தால் அது சரியாகவும் இருந்தது.

திரும்பும் முன் அக்கா, “நீ படிச்ச கிளாசக் காட்டு” என்றாள். நூறு வருடத்துக் கட்டடங்களுக்கு நடுவே புதுக் கட்டடங்கள் முளைத்து எனக்கே வழி குழம்பிற்று. முன்பெல்லாம் கழிப்பறை என்று மட்டும் எழுதியிருக்கும் பலகைகளில் இப்போது ஆண்கள், பெண்கள் என்று பிரித்து எழுதியிருந்ததை வழியில் பார்த்தேன். ஒரு நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில், இதுதான் என்று நான் தீர்மானித்த அறை பூட்டியிருந்தது. அக்கா சன்னலில் கையைக் குவித்து உள்ளே பார்த்தாள். பெஞ்சுகள் மாறியிருந்தன, கரும்பலகை இருந்த இடத்தில் வெள்ளைப் பலகை.

“எந்த பெஞ்ச்?”

ஞாபகமில்லை என்றேன்.

“மூணு வருஷம் உக்காந்திருக்கடா” என்றாள். சன்னலை விட்டு நகரவில்லை. பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன ஒரு சமன்பாடு இருந்தது. கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு அதைப் படித்தாள்.

பேத்தி தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்து கூப்பிட்டாள், வண்டிக்கு நேரமாயிற்று என்று. “இரு” என்றாள் அக்கா, திரும்பாமல்.